சூரியன் விலகிநிற்கும் ஜூலையில் பூமி சூடாவது ஏன்?

கேள்வி: ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகிலும், ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவிலும் இருக்கிறது என்று என் மகள் படிக்கிறாள். ஆனால் உலகத்தின் சராசரி வெப்பநிலை ஜூலையில்தான் உச்சம் என்கிறார்கள். எது சரி?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டுமே சரிதான், அம்மா. 30 ஆண்டுகள் புவியியல் நடத்தியவன் நான். வகுப்பில் இதைக் கேட்டவர்கள் மிகச் சிலரே. உங்கள் மகளிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள்.

ஜனவரியில் சூரியன் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், ஜூலையில் 15.2 கோடி. ஆகவே ஜனவரியில் பூமிக்கு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் வெயில். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்பதோடு விளக்கத்தை நிறுத்திவிடுவதை நான் ஏற்பதில்லை. வடக்கே கோடை என்றால் தெற்கே குளிர்காலம். சராசரியில் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட வேண்டுமே!

ஈடுகட்டாததற்குக் காரணம் நிலம். வட அரைக்கோளத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலம். தெற்கே அதில் பாதிதான், மீதியெல்லாம் கடல்.

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வளர்ந்தவன் நான். சித்திரை மதியத்தில் மணலில் கால் வைக்க முடியாது; அலைக்கு ஓடினால்தான் உயிர் வரும். விடியற்காலையிலோ மணல் சில்லென்றிருக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு கிலோ மணலைச் சூடாக்குவதைப்போல ஏறத்தாழ 5 மடங்கு வெப்பம் ஒரு கிலோ நீருக்கு வேண்டும். அதுமட்டுமா? வெயில் நீருக்குள் இறங்குகிறது. காற்றும் அலையும் அந்தச் சூட்டைப் பல மீட்டர் ஆழத்துக்குக் கலக்கிவிடுகின்றன. ஒரு பங்கு நீராவியாகிப் போகிறது. மண்ணிலோ சூடு மேலாகவே தங்கி, வந்த வேகத்தில் போய்விடுகிறது.

ரஷ்யாவின் யாகுட்ஸ்கும், அட்லாண்டிக் நடுவே ஃபாரோ தீவுகளின் டோர்ஷவனும் ஒரே 62 டிகிரி வட அட்சத்தில் இருக்கின்றன. நிலத்தின் உள்ளே கிடக்கும் யாகுட்ஸ்கின் ஜனவரிச் சராசரி மைனஸ் 38 டிகிரி செல்சியஸ் அளவில். ஜூலையில் 20ஐ நெருங்கும். டோர்ஷவனில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் வேறுபாடு ஏறத்தாழ 7 டிகிரிதான். அங்கே வெப்பக் கடல் நீரோட்டமும் துணைநிற்கிறது.

ஜூலையில் வடக்கின் நிலம் காய்கிற அளவுக்குத் தெற்கின் கடல் குளிர்வதில்லை. அதனால்தான் உலகச் சராசரி ஜனவரியைவிட ஏறத்தாழ 4 டிகிரி உயர்ந்து நிற்கிறது. ஜனவரியின் கூடுதல் வெயிலில் பெரும்பகுதியைத் தென்கடல்கள் வாங்கி ஆழத்தில் வைத்துக்கொள்கின்றன.

மொட்டை மாடியில் ஒரே மாதிரியான இரண்டு பாத்திரங்களில் மணலும் தண்ணீரும் வைத்து, மதியமும் இரவு எட்டு மணிக்கும் மகளைத் தொட்டுப்பார்க்கச் சொல்லுங்கள்.