பூர்வீக நிலம்: வாசகர் கேள்வி-பதில்

தாத்தா பத்திரத்தில் பசலி 1349 என்று இருக்கிறது. எந்த வருஷம்?

பசலி என்பது வருவாய்த் துறையின் ஜூலை-ஜூன் ஆண்டுக் கணக்கு. 590-ஐக் கூட்டுங்கள். ஜூலை 1939 முதல் ஜூன் 1940 வரை.

எங்கள் நிலத்தின் பூர்வீகம் தெரிய வேண்டும். எங்கே போவது?

உங்கள் கேள்வியில் ஊர் இல்லை, தாலுகா இல்லை, சர்வே எண் இல்லை. ஜோசியம் எனக்கு வராது. மூன்றையும், எண்ணை உட்பிரிவோடு, எழுதி அனுப்புங்கள்.

ஆன்லைன் வில்லங்கச் சான்றில் 1975-க்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதுவரை கைமாறவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை! மாதம் நாலு பேராவது இதையே கேட்கிறீர்கள். பல அலுவலகங்களில் கம்ப்யூட்டரில் ஏற்றியதே 1975-லிருந்துதான். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, பழைய அட்டவணைப் புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் உங்கள் கிராமம் வேறு சார்பதிவகத்தில் இருந்திருக்கலாம். அதை முதலில் விசாரியுங்கள். இவ்வளவு தேடினாலும் வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. உயிலைத் தனியாக 3-ஆம் புத்தகத்தில் பதிவார்கள், அதுவும் வராது. 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதியவே வேண்டியதில்லை. அன்றைக்கு 80 ரூபாய்க்குப் புன்செய் கைமாறியிருக்கும்.

அதனால் வருவாய்த் துறைப் பதிவுகளையும் பாருங்கள். இப்போதைய அ-பதிவேட்டில் (கிராமத்தின் சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) பழைய சர்வே எண்ணுக்கு ஒரு கலம் உண்டு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு செட்டில்மென்ட் பதிவேட்டுக்கு (முன்பு நிலவரி நிர்ணயித்தபோது எழுதியது) போங்கள். சான்றிட்ட நகலாக வாங்குங்கள், ஜெராக்ஸ் போதாது.

பட்டாவில் பெரியப்பா பெயர் மட்டும் இருக்கிறது. நிலம் அவருடையதா?

பட்டா மட்டும் உரிமை ஆகாது. 80-களில் யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) வந்தபோது பல ஊர்களில் மூத்தவர் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனார்கள். அதற்கு முந்தைய பதிவேட்டில் கூட்டுப்பட்டாவா என்று பாருங்கள். இருந்தால், சான்றிட்ட நகலோடு மாவட்ட வருவாய் அலுவலரிடம் திருத்த மனு.

தஞ்சாவூர்ப் பத்திரம். '1 வேலி 3 மா' எத்தனை ஏக்கர்?

வேலிக்கு 20 மா, மாவுக்கு 33 சென்ட். ஏழரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கணக்கை வேறு ஜில்லாவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

எங்களுடையது இனாம் கிராமம் (மானியமாக விட்டது). ஆதி ஆவணம் உண்டா?

உண்டு. 1860-களின் இனாம் பதிவேடு. யாருக்கு, எந்த ஊழியத்துக்காக விட்டது என்றிருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். சான்றிட்ட நகல்!

மூலப் பத்திரம் நைந்துவிட்டது. லேமினேட் செய்யலாமா?

கூடாது. ஒட்டினால் பிரிக்க முடியாது. மடிப்பை நீவி, அமிலமில்லாத உறையில் போடுங்கள்.