நயாகரா பார்த்தாயிற்று, அடுத்தது ஹமில்ரன்

தம்பி, நீங்கள் கேட்டது இது: ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம், நயாகரா பார்த்தாயிற்று, இனிக் காட்டுப்பாதையில் நடந்து போய்ப் பார்க்கிற மாதிரி நீர்வீழ்ச்சி கிட்டடியில் இருக்கிறதா? மனைவி, ஆறு வயது மகள், விசிற்றர் விசாவில் வந்திருக்கும் அம்மா எல்லாரும் வருவார்கள். சொந்தக் கார் இல்லை.

இருக்கிறது. ஹமில்ரனுக்குப் போங்கள். ரொறன்ரோ நகர மையத்திலிருந்து 70 கிலோமீற்றர் அளவுதான். அந்த நகர எல்லைக்குள் மட்டும் நூறுக்கு மேல் நீர்வீழ்ச்சிகள் உண்டு. ஆனால் படத்தைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். முதலில் மாதத்தைப் பாருங்கள், பிறகு கூட வருபவர்களின் கால்களைப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் இடம்.

மாதம் ஏன் முக்கியம் என்றால், இவற்றில் பல சின்ன ஓடைகள். பனி உருகும் மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை தண்ணீர் இரைந்து விழும். ஜூலை, ஓகஸ்ற் மாதங்களில் அதே இடத்தில் பாறையில் ஒரு ஈரக்கோடுதான் மிஞ்சும். ஸ்ரோனி கிறீக்கில் உள்ள டெவில்ஸ் பஞ்ச்போல் இதற்கு நல்ல உதாரணம். 37 மீற்றர் உயரம், ஆனால் மழை இல்லாத கோடையில் போனால் வெறும் பாறைக் கிண்ணத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். கோடையில்தான் லீவு கிடைக்கும் என்றால், நல்ல மழை பெய்த அடுத்த நாள் போங்கள், அல்லது டண்டாஸில் உள்ள வெப்ஸ்ரர்ஸ் நீர்வீழ்ச்சிக்குப் போங்கள். அது ஸ்பென்சர் கிறீக்கில் விழுகிறது. ஓடை பெரிது, மேலே கிறிஸ்ரி நீர்த்தேக்கமும் இருப்பதால் மற்றவை வற்றும்போதும் அதில் ஓரளவு தண்ணீர் இருக்கும். ஒக்ரோபர் நடுவிலிருந்து கடைசி வரை தண்ணீர் நடுத்தரம், ஆனால் மேப்பிள் மரங்களின் நிறத்துக்காகச் சனம் அள்ளுப்படும்.

இனி கால்கள். அம்மாவோடும் பிள்ளையோடும் முதல் தடவை போவதற்கு அன்காஸ்ரரில் உள்ள ரிஃபனி நீர்வீழ்ச்சியைத்தான் சொல்வேன். வில்சன் வீதியோரத் தரிப்பிடத்திலிருந்து ஓடையை ஒட்டி 350 மீற்றர் அளவில் ஒரு பாதை. இடையில் மரப்பாலங்கள், கடைசியில் பார்வை மேடை. அங்கே நீங்கள் நீர்வீழ்ச்சியின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள். 21 மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீர் படிப்படியான பாறைமேல் விரிந்து இறங்கும், சாரல் முகத்தில் படும். ஹமில்ரனில் பெரும்பாலான இடங்களில் மேலேயிருந்து எட்டித்தான் பார்க்கவேண்டும்; இவ்வளவு குறைந்த நடையில் அடிக்குப் போகக்கூடிய இடம் இங்கே அபூர்வம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்றால் வெப்ஸ்ரர்ஸ் இன்னும் சுகம். புல்வெளி மட்டமானது, பழைய கல்பாலத்தடியில் நின்று பார்க்கலாம். 22 மீற்றர்தான், ஆனால் அகலமாகத் திரைபோல விழும். கீழே இறங்கும் பழைய படிக்கட்டுப் படங்களை நம்பிப் போகாதீர்கள், அதை மூடிவிட்டார்கள்.

நீங்களும் மனைவியும் மட்டும் போகும் நாளில் ரியூஸ் நீர்வீழ்ச்சியையும் டண்டாஸ் பீக் என்ற மலைமுனையையும் சேர்த்து நடக்கலாம். ரியூஸ் 41 மீற்றர், ஹமில்ரனில் ஆக உயரமானது. அங்கிருந்து காட்டுக்குள்ளால் போய்வர 2 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. முனையில் நின்றால் கீழே டண்டாஸ் ஊரும் ரெயில் பாதையும் தெரியும். ஆனால் முனை திறந்த பாறை, ஓடித்திரியும் பிள்ளைக்கு உகந்த இடமல்ல.

வெப்ஸ்ரர்ஸ், ரியூஸ், டண்டாஸ் பீக் மூன்றும் ஸ்பென்சர் பள்ளத்தாக்குக் காப்புப் பகுதிக்குள் வருகின்றன. அங்கே பல மாதங்களில் முன்பதிவு இல்லாமல் போகமுடியாது. ஹமில்ரன் காப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் நாளையும் நேரத்தையும் தெரிவு செய்து பணம் கட்டவேண்டும். பதியும்போது எந்தத் தரிப்பிடம் என்பதைக் கவனித்துப் பதியுங்கள். ஒக்ரோபர் வார இறுதி என்றால் நேரத்தோடே பதிய வேண்டும். பக்கத்துக் குடியிருப்பு வீதியில் காரை விட்டுவிட்டு நடப்போம் என்று நினைக்காதீர்கள், காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

போகும் வழி. நண்பரின் காரிலோ வாடகைக் காரிலோ போவதென்றால் ஜிபிஎஸ்ஸில் கட்டணப் பாதையைத் தவிர்க்கும் தெரிவை முதலில் போடுங்கள். ஸ்காபரோவிலிருந்து ஹமில்ரன் என்று கொடுத்தால் அது பல நேரம் 407 என்ற கட்டண நெடுஞ்சாலையில் ஏற்றிவிடும். அங்கே காசு வாங்கும் கடவை எதுவும் இல்லை. கமரா இலக்கத்தகட்டைப் படம் பிடிக்கும், பில் பிறகு வரும். வாடகைக் கார் என்றால் கம்பனியின் நிர்வாகக் கட்டணமும் அதோடு சேரும். புதிதாக வந்தவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான். 401, 427, பிறகு கியூஈடபிள்யூ, 403 என்ற நெடுஞ்சாலைகளில் போனால் ஒரு சதமும் இல்லை.

காரில்லாமலும் போகலாம். ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து கோ (GO) சேவையின் லேக்ஷோர் வெஸ்ற் ரெயின் இருக்கிறது, ஹமில்ரன் கோ சென்ரருக்கு 16ஆம் இலக்கக் கோ பஸ்ஸும் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் ஒரு நாள் முழுதும் பயணம் செய்ய 10 டொலர் பாஸ் இணையத்தில் வாங்கலாம். 12 வயதும் அதற்குக் கீழும் இலவசம், ஆகவே மகளுக்கு ரிக்கெற் தேவையில்லை. கோ சென்ரரிலிருந்து ரிஃபனிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவு. நாலு பேர் என்றால் ராக்சி பிடிப்பதுதான் சுகம். நடக்கத் தெம்புள்ள ஆட்கள் டண்டேர்ன் வீதியின் தெற்கு முனைக்கு நடந்துபோய், மலைச்சரிவை ஒட்டி ஓடும் செடோக் ரேடியல் பாதையில் ஏறலாம். அது பழைய மின்ரெயின் தடம், ஆதலால் ஏற்றம் மெதுவானது.

ஆகக் கவனிக்க வேண்டிய விசயத்துக்கு வருகிறேன். இந்த நீர்வீழ்ச்சிகள் எல்லாம் நயாகரா மலைச்சரிவு என்ற ஒரே பாறை விளிம்பிலிருந்து விழுகின்றன. மேலே கடினமான டொலமைட் பாறை, கீழே ஷேல் என்ற மெதுவான தட்டுப்பாறை. தண்ணீர்ச் சாரலும், உறைந்து உருகும் பனியும் கீழ்ப்பாறையை அரித்துக்கொண்டே இருக்கும்; மேற்பாறை கூரைத்தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே விளிம்பில் நிற்கும் ஆளின் காலடியில் சில இடங்களில் ஒன்றுமே இல்லை. மேலே நிற்பவருக்கு அது தெரியாது. டெவில்ஸ் பஞ்ச்போல் பார்வை மேடையிலிருந்து எதிர்ச்சுவரைப் பாருங்கள்: அடியில் சிவப்பு, அதன்மேல் சாம்பல், பச்சைச் சாயல் என்று வரிவரியாகத் தெரியும். மெதுவான வரிகள் உள்ளே குழிந்திருப்பதும் கடினமான வரிகள் துருத்தி நிற்பதும் கண்ணுக்கு நேரே விளங்கும். அதைப் பிள்ளைக்கும் காட்டுங்கள், பிறகு வேலியைத் தாண்டாதே என்று சொல்லத் தேவையிருக்காது. அல்பியன் நீர்வீழ்ச்சியில் ஆட்கள் விழுந்து இறந்த பிறகுதான் 2017இல் வேலி போட்டார்கள். தாண்டினால் தண்டம் உண்டு. தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி ஆட்களைத் தூக்கும் வேலை இன்னமும் நடக்கிறது. மலையகத்து நீர்வீழ்ச்சிகளில் குளித்துப் பழகியவர்களுக்கும் சொல்கிறேன், இங்கே தண்ணீரில் இறங்குவதற்கில்லை.

ஏப்ரலில் நகரத்தில் 12 பாகை, வெயில் என்று மெல்லிய சப்பாத்தோடு வெளிக்கிடுவார்கள். பள்ளத்துக்குள் வெயில் விழாது. பாதையில் மிதிபட்டு இறுகிய பனி கண்ணாடிபோல் கிடக்கும். அடிப்பகுதி சொரசொரப்பான சப்பாத்தும், அதன்மேல் இழுத்து மாட்டும் ஆணிப்பட்டியும் இருந்தால் போதும். கனேடியன் ரயரில் வாங்கலாம். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, வேறு காற்சட்டை போடுங்கள். நவம்பரில் மணிக்கூடு மாற்றிய பிறகு ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

இந்த மலைச்சரிவை ஒட்டிப் போகும் புரூஸ் நடைபாதையில் நடக்கும்போது மரங்களில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் பிரதான பாதை, நீலப் பட்டை கிளைப்பாதை. இரண்டு பட்டை ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் திருப்பம் வருகிறது; மேலேயுள்ள பட்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்புங்கள்.

மூன்று இலைக் கொத்தாக வளரும் பாய்சன் ஐவியைத் தொடவேண்டாம். நம் காஞ்சோண்டி பட்ட உடனே கடிக்கும், அதனால் ஆள் உசாராகிவிடும். இது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கொப்பளிக்கும். பட்டதென்று சந்தேகம் வந்தால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உடுப்பையும் துவையுங்கள், எண்ணெய் அதிலும் ஒட்டியிருக்கும்.

உண்ணி 4 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினாலே நடமாடத் தொடங்கும். குஞ்சு உண்ணி கசகசா அளவுதான். காற்சட்டை நுனியைச் சொக்ஸுக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அரை, கக்கம், காதின் பின்பக்கம், பிள்ளையின் தலைமயிர் ஓரம் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுக்கவேண்டும். முறுக்கக்கூடாது, நெருப்பு வைக்கக்கூடாது. 24 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் லைம் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் ஒட்டியிருந்ததென்று நினைத்தால் குடும்ப வைத்தியர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 2023 முதல் ஒன்ராறியோவில் மருந்தகத்தில் உள்ள பார்மசிஸ்ற்றே பார்த்துத் தடுப்பு மருந்து எழுதித் தரலாம். உண்ணியை எடுத்த 72 மணித்தியாலத்துக்குள் போகவேண்டும்.

அம்மாவுக்கு ஓஹிப் என்ற ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி அட்டை கிடையாது. வழுக்கி விழுந்தால் அம்புலன்ஸிலிருந்து எக்ஸ்ரே வரை எல்லாம் உங்கள் கைக்காசு. அவருடைய பயணக் காப்புறுதி இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்த்து, அதன் இலக்கத்தை உங்கள் போனில் சேமித்துவிட்டு வெளிக்கிடுங்கள். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை காலையில் ரிஃபனி, தேத்தண்ணி குடித்து ஆறிய பிறகு வெப்ஸ்ரர்ஸ். முதல் நாளுக்கு அவ்வளவும் காணும்.