அக்குவெயின்டட் ‘டு’வா, ‘வித்’தா?

வணக்கம் தம்பி. யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கி வேலைக்கான கடிதத்தில், எக்செல் பழக்கம் என்று சொல்ல ‘ஐ ஆம் அக்குவெயின்டட் டு எக்செல்’ என்று எழுதியதை நண்பர் பிழை என்கிறார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நண்பர் சொல்வது சரிதான். அங்கே ‘வித்’ வரவேண்டும்.

குழப்பம் ஃபமிலியர் என்ற சொல்லால் வந்திருக்கும். அதற்கு இரண்டும் உண்டு: ‘ஐ ஆம் ஃபமிலியர் வித் எக்செல்’, ‘எக்செல் இஸ் ஃபமிலியர் டு மீ’.

ஆனால் எனக்கு ‘டு’வை விட அக்குவெயின்டட் என்ற சொல்லே உறுத்துகிறது. அக்குவெயின்டன்ஸ் என்றால் நல்லூர்த் திருவிழாவில் கண்டால் “எப்படிச் சுகம்?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிற ஆள். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுகிற சிநேகிதன் இல்லை. எக்செலோடு உங்களுக்கு அவ்வளவுதான் பழக்கம் என்று வங்கிக்காரர் நினைத்தால் நட்டம் உங்களுக்கு.

அக்குவெயின்டட் என்ற சொல்லின் மூலத்தையும் கேட்டிருந்தீர்கள். லத்தீனில் ‘அறிதல்’ என்று பொருள்படும் கொக்னோஸ்கெரே, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. ரெகக்னைஸ் அதன் உறவு. இன்னும் பின்னால் போனால் ‘அறி’ என்று பொருள்படும் ஆங்கில ‘நோ’வும், சமஸ்கிருதம் வழியாக நாங்கள் எடுத்துக்கொண்ட ஞானமும் அதே வேர்தான்! அக்குவெயின்டட் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கியூ’வுக்கு முன்னால் வரும் ‘சி’யை விட்டுவிடாதீர்கள், பலர் விடுகிறார்கள்.

கடிதத்தில் ‘ஐ ஹாவ் எ குட் வேர்க்கிங் நொலெட்ஜ் ஒஃப் எக்செல்’ என்று போடுங்கள். அப்புறம், அதில் என்னென்ன வேலை செய்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்.