பத்துக் கம்பெனியும் முப்பது பொம்மையும்: 1801 பாஞ்சாலங்குறிச்சிக் கணக்கு

1801 பாஞ்சாலங்குறிச்சிப் போரை மேசைமேல் சிறு படைவீரர் பொம்மைகளால் ஆடும் விளையாட்டுக்கு, 20 பேருக்கு ஒரு பொம்மை வீதம் ஒரு சிப்பாய்ப் பட்டாலியனை எப்படி அமைப்பது என்று கேட்டிருந்தீர்கள். பட்டாலியனின் உட்பிரிவுகளான கம்பெனிகளில் இரண்டிரண்டை ஒரே தட்டில், அதாவது பொம்மைகளை ஒட்டும் அடித்தட்டில், சேர்த்துவிடுங்கள். 900 பேருக்கு 45 பொம்மைகள் வைத்தால் பத்துக் கம்பெனிகளுக்கும் சமமாகப் பிரியவில்லை என்ற உங்கள் சிக்கல் அதோடு தீரும்.

காகிதத்தில் உள்ள முழு எண்ணிக்கையை எடுத்துக்கொண்டதே காரணமாக இருக்கலாம். 1796 சீரமைப்புக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையின் சிப்பாய்ப் பட்டாலியனில் பத்துக் கம்பெனிகள் இருந்தன, அவற்றுள் இரண்டு கிரனேடியர், அதாவது தேர்ந்தெடுத்த வீரர்களின் கம்பெனிகள். ஆனால் நோயாளிகளையும் காவலுக்குப் பிரிந்து சென்றவர்களையும் கழித்தால் களத்தில் நிற்பவர்கள் குறைவுதான். 600 பேர் என்று வைத்துக்கொண்டால், 20 பேருக்கு ஒன்று வீதம் 30 பொம்மைகள், தட்டுக்கு ஆறாக ஐந்து தட்டுகள். கிரனேடியர்கள் தனித் தட்டாக அமைந்துவிடுவது கூடுதல் வசதி.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. 600 பேர் இரு வரிசையில் நின்றால் அகலத்தில் 300 பேர். ஆளுக்கு 55 சென்டிமீட்டர் வீதம் சுமார் 165 மீட்டர். ஐந்து தட்டுகளும் சேர்ந்து உங்கள் தரை அளவில் (மேசையில் ஒரு சென்டிமீட்டர் களத்தில் எத்தனை மீட்டர் என்ற விகிதத்தில்) இதற்கு அருகில் வராவிட்டால், தட்டின் அகலத்தை மாற்றுங்கள், பொம்மைகளின் எண்ணிக்கையை அல்ல.

ஊமைத்துரை பக்கத்துக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் முதலில் அப்படிச் செய்து, மண்கோட்டைக்குள் சிப்பாய் அணிவகுப்பு நடப்பதுபோல் ஆகிவிட்டது. நீண்ட ஈட்டிக்காரர்களை அளவில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட, நெருக்கமான கூட்டங்களாகவே வையுங்கள்.