ஒழுங்கை யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிரதான வீதியிலிருந்து பாடசாலைக்குப் போகும் குச்சொழுங்கை ஒன்று எங்கள் ஊரில் உண்டு. நடந்தும் சைக்கிளிலும் ஊரே போய்வந்த பாதை. கரைக் காணியை அண்மையில் வாங்கியவர் கதியால் வேலியைப் பிடுங்கி, ஒழுங்கையையும் சேர்த்து மதிலுக்கு அத்திவாரம் வெட்டியிருக்கிறார். 'என் காணி உறுதிக்குள் இருக்கிறது' என்கிறார். என்ன செய்யலாம்? – கோப்பாய் வாசகர்

பதில்: மதில் எழும்ப முதல் அசையுங்கள். எழும்பிய மதிலை இடிப்பிக்க வருடக்கணக்காகும். இன்றைக்கே அத்திவாரத்தைப் படமெடுத்து, ஒழுங்கையின் அகலத்தை மூன்று நான்கு இடங்களில் நாடா பிடித்து அளந்து, திகதியோடு எழுதி வையுங்கள்.

அவருடைய உறுதியைக் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஒழுங்கையின் இரு கரையிலும் உள்ள அயலவர்களின் பழைய உறுதிகளை எடுத்து, காணியை விவரிக்கும் அட்டவணையில் நாலு எல்லையையும் பாருங்கள். ஒருவருடையதில் 'மேற்கு ஒழுங்கை' என்றும் எதிர்க்கரையில் 'கிழக்கு ஒழுங்கை' என்றும் இருந்தால், இடையில் யாருடைய காணியிலும் சேராத ஒரு துண்டு இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. விற்றவரின் முந்திய உறுதியைக் காணிப் பதிவகத்தில் கட்டணம் கட்டித் தேடலாம். புது உறுதியில் எல்லை திடீரென்று அடுத்த காணிக்காரரின் பெயருக்கு மாறியிருந்தால், பிழை எங்கே நுழைந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கூடவே பிரதேச சபைக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 'இந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் உண்டா, பதிந்த நீளமும் அகலமும் என்ன, வர்த்தமானியில் வெளிவந்ததா, சபை எப்போதாவது செப்பனிட்டதா' என்று நேராகக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். பதிவேட்டில் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ஆக்கிரமிப்பை அகற்றுவது சபையின் பொறுப்பு. முறைப்பாட்டைச் செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்துவித்து வாங்குங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போகும்.

பதிவேட்டில் இல்லாவிட்டால்தான் சிக்கல். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தைக் காட்டி, 'பத்து வருடம் போய்வந்தோம், பாதை எங்களுடையது' என்று பலர் வருகிறார்கள். அந்தப் பத்து வருடமும் தடையின்றி, சொந்தக்காரரின் அனுமதியில் தங்காமல் பாவித்ததாக இருக்க வேண்டும். 'அண்ணை, இதாலை போகட்டோ' என்று கேட்டுப் போன பாதையில் அது எடுபடாது. எடுபட்டாலும் அந்த உரிமை பாவித்தவரின் காணிக்குத்தான் ஒட்டும், பாடசாலைப் பிள்ளைகளுக்கு அல்ல. ஊருக்குப் பாதை வேண்டுமென்றால் சபையைக் கொண்டு பதிவிப்பதே வழி. இன்னொன்று: நடைபாதை உரிமை என்று எழுதினால் வாகனம் அதற்குள் தானாக வராது. கடிதத்தில் அகலத்தையும் 'சைக்கிள்' என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.

கைகலப்பு வரும்போலிருந்தால் பொலிஸில் முறையிடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வழக்கு நீதிமன்றம் போகலாம். வழிப்பாதைத் தகராறும் அதற்குள் அடங்கும்.

கேள்வி: காங்கேசன்துறை வீதியில் சைக்கிள் ஓட வழியில்லை. தனிப்பாதை கேட்டு மனுக் கொடுக்கப் போகிறோம். எப்படி எழுதுவது? – இணுவில் வாசகர்

பதில்: அந்த வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் கையில் இருப்பது. பிரதேச சபை அங்கே கோடு கீற முடியாது. கீறினாலும் கடை வாசல் நெடுக அந்தக் கோட்டின்மேல் ஓட்டோதான் நிற்கும். பெயின்ற் கோட்டில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. வீதிக்குச் சமாந்தரமாகப் போகும் ஒழுங்கைகளைத் தொடுத்து ஒரு பாதை கேளுங்கள். இணுவிலிலிருந்து நகருக்கு வலிகாமம் தெற்கு, நல்லூர் பிரதேச சபைகள், பிறகு மாநகர சபை. மூன்றுக்கும் ஒரே வரைபடத்தோடு மனுப் போகாவிட்டால் பாதை எல்லையில் அறுந்துவிடும்.

நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போக 3 மீற்றர் நல்லது. 2 மீற்றருக்குக் குறைந்தால் எதிரும் புதிருமாக வரும் இரண்டு சைக்கிளில் ஒன்று வேலியோடு ஒட்ட வேண்டும். வாகனத்தை மறிக்கத் தூண் நடுவதாக இருந்தால் இடைவெளி 1.2 மீற்றர் போதும். ஓட்டோவின் அகலம் கிட்டத்தட்ட 1.3 மீற்றர், 1.5 விட்டால் அது நுழைந்துவிடும். சக்கரநாற்காலிக்கு 0.9 போதும். மோட்டார் சைக்கிளை மட்டும் தூணால் மறிக்க முடியாது.

கொங்கிறீற் போடும்போது ஒரு பக்கம் சரிவும் வாய்க்காலும் கட்டாயம் கேளுங்கள். வேலிக்கு வேலி மட்டமாக ஊற்றினால் மாரி வெள்ளம் வளவுக்குள் போகும். பிறகு சனமே கல்லும் மண்ணும் போட்டு மறிக்கும், சைக்கிள் கவிழும். வாய்க்கால் மூடியின் துவாரம் வீதிக்குக் குறுக்காக இருக்கட்டும், நெடுக்காக இருந்தால் ரயர் இறங்கும். தண்டவாளத்தைச் சரிவாகக் கடக்கும் இடத்திலும் இதே ஆபத்துத்தான். செங்குத்தாகத் திரும்பிக் கடக்க அங்கே அகலம் கேளுங்கள். தண்டவாளக் கரையோடு பாதை கேட்க வேண்டாம், அது ரயில்வே காணி.

கேள்வி: பண்ணைப் பாலத்தால் வேலணைக்குச் சைக்கிளில் போக எந்த நேரம் நல்லது? – யாழ்ப்பாண வாசகி

பதில்: சோளகக் காலமென்றால், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலமென்றால், விடியவே வெளிக்கிடுங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். போகும்போது காற்று இடப்பக்கமும் முன்னாலுமாக அடித்து உங்களை நடுவீதிக்குத் தள்ளும். திரும்பும்போது வலப்பக்கத்தால் அடித்துக் கரைக்குத் தள்ளும். அப்போது பஸ் ஒன்று முந்தினால் காற்று சட்டென்று நிற்கும்; காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்த நீங்கள் பஸ் பக்கம் இழுபடுவீர்கள். ஹோர்ன் கேட்டதும் மிதிப்பதைக் குறைத்து ஹான்டிலை இறுக்கிப் பிடியுங்கள். கரியரில் அகலமான பெட்டி வேண்டாம், காற்றுப் பிடிக்கும்.