மெட்டு யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் எசெக்ஸில் மகள் வீட்டில் இருந்தபோது, டிசம்பரில் அந்த ஊர் கொயர், அதாவது பாடகர் குழு, ஒரு தேவாலயத்தில் பாடியதைக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்ன பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் நான்கு குரல் பூசைப் பாடலை யூடியூபில் மூன்று முறை கேட்டேன். அழகுதான், ஆனால் மெட்டு எங்கே என்று பிடிபடவில்லை, ஆளுக்கொன்று பாடுகிறார்கள். இதை வேலைக்குப் போய்வருகிறவர்கள் வாரம் ஒரு நாள் கூடிப் பாடினால் சரியாக வருமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

மெட்டு நான்கு பேரிடமும் இருக்கிறது, பிடிபடாததற்குக் காரணமே அதுதான். ஒரு குரல் பாட மற்ற மூன்றும் துணை போவது என்பது இந்த இசையில் குறைவு. சோப்ரானோ, ஆல்ட்டோ என்ற பெண் குரல்கள், டெனர், பேஸ் என்ற ஆண் குரல்கள், நான்குக்கும் தனியாக முணுமுணுக்கத்தக்க ஒரு வரி உண்டு. அந்தக் காலத்தில் அச்சடித்ததும் குரலுக்கு ஒரு புத்தகமாகத்தான். பக்கத்தில் நிற்பவர் பாடுவது உங்கள் தாளில் இருக்காது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் பேர்டை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். அன்றைக்கு அந்தக் கொயர் முதலில் பாடியது ஸ்பெயின் இசையமைப்பாளர் விக்டோரியாவின் 'ஓ மாக்னும் மிஸ்டேரியும்', 1572இல் அச்சான கிறிஸ்துமஸ் பாடல். தொழுவத்து மாடுகள் பிறந்த குழந்தையைப் பார்ப்பதைப் பற்றியது. சோப்ரானோ தனியாக, பஞ்சமத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கித் திரும்ப ஏறுவது போலத் தொடங்கும். அது முடிவதற்குள் ஆல்ட்டோ அதே வளைவை எடுத்துக்கொள்ளும், அப்புறம் ஆண் குரல்கள். யார் எப்போது நுழைகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள், போதும்.

சரி, இரண்டாவது கேள்வி. பேர்ட் முதலாம் எலிசபெத் அரசியின் சொந்த தேவாலயத்தில் இசைக்கலைஞர், ஆனால் கத்தோலிக்கர். இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பூசை சட்டவிரோதமாக இருந்த 1590களில்தான் இந்தப் பூசைப் பாடலை அச்சிட்டார், தலைப்புப் பக்கமே இல்லாமல். எசெக்ஸில் இங்கேட்ஸ்டோன் ஹால் என்ற பீட்டர் குடும்பத்து மாளிகை மாதிரியான இடங்களில், வீட்டுக்குள், ஒரு சிலர் கூடிப் பாடுவதற்கான இசை இது. அவரே 1588இல் ஒரு பாடல் தொகுப்பின் முன்னுரையில், எல்லோரும் ஏன் பாடக் கற்க வேண்டும் என்று எட்டு காரணங்கள் எழுதியிருக்கிறார்; உடம்புக்கு நல்லது, நெஞ்சு பலப்படும், திக்குவாய்க்குக்கூட மருந்து என்றெல்லாம். ஆகவே செவ்வாய்க்கிழமை இரவு பள்ளிக்கூட ஹாலில் கூடுகிற இந்தக் கொயர்காரர்கள் பாடுவது எனக்கு முறையாகவே படுகிறது.

அவர்களுடைய ஒத்திகை ஒன்றுக்கும் போயிருந்தேன். பேஸ் வரிசையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், எழுபது வயதிருக்கும். அவருடைய தாளில் அங்கங்கே பென்சிலால் சின்னச் சின்னதாக மூக்குக் கண்ணாடிகள் வரைந்திருந்தன. இந்த இடத்தில் தலையைத் தூக்கிக் குழுவை நடத்துபவரைப் பார் என்று அர்த்தமாம். டெனருக்கு ஆள் போதாமல் இரண்டு பெண்கள் அங்கே நின்று பாடினார்கள். அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஒரே பக்கம், பூசையின் கடைசிப் பகுதியான 'ஆக்னுஸ் தேயி'யின் முடிவு. 'எங்களுக்கு அமைதி கொடு' என்ற சொற்களில் ஒரு குரல் தன் ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொன்று நகர்ந்துவிடும், இரண்டும் உரசும். அப்புறம்தான் பிடித்திருந்த குரல் ஒரு படி இறங்கும், அதற்குள் வேறொரு இடத்தில் அடுத்த உரசல் தொடங்கியிருக்கும். ஒளிந்து வழிபட்டவர்கள் அமைதி கேட்கிற இடம் அது. உரசுகிற நேரத்தில் பயந்து விலகிவிடாமல் நிற்பதைத்தான் குழுவை நடத்துபவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

கச்சேரியில் சுருதி கொஞ்சம் இறங்கித்தான் போனது. பக்கவாத்தியம் கிடையாது, கல் கட்டடத்தில் அப்படிக் குளிர், நாங்கள் கோட்டைக் கழற்றவே இல்லை. குறைதான், மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தில் ஒருவரும் விலகவில்லை. பஸ் டிரைவர் தாளைப் பார்க்காமல் தலையை நிமிர்த்தியே பாடினார்.

விக்டோரியா பழகியபின் பேர்டுக்குத் திரும்புங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு, ஒரு தடவை டெனரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்