குதிரைக்குத் தொப்பை உண்டா அம்மணி?

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரருக்குத் தொப்பை விழுந்துவிட்டது. தினமும் பத்தாயிரம் அடி நடக்கப் போகிறேன், அதற்கு ஸ்மார்ட் வாட்ச் வேண்டும், ஆஃபரில் பாதி விலைக்கு வருகிறது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கொள்ளு தின்றால் கொழுப்புக் கரையும் என்று எங்கேயோ பார்த்துவிட்டு, 'ஸ்லிம்' என்று பெயர் போட்ட கொள்ளுப் பொடி டப்பா ஒன்றையும் ஆர்டர் போட எடுத்து வைத்திருக்கிறார். இரண்டையும் வாங்கலாமா? வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற மாதிரி எளிய சமையல் எதாவது இருந்தால் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம் (அவரும் உங்கள் பத்திரிகை படிக்கிறார்), பெருந்துறை

பதில்: பயப்படாதீர்கள் அம்மணி. தொப்பையும் வாட்ச் ஆசையும் உள்ள ஆம்பளைகள் பெருந்துறையில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், அவர் பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

வாட்ச் கிடக்கட்டும். கொள்ளு என்றீர்கள் பாருங்கள், அதற்கு வருகிறேன். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த ஆடிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கூடுகிற குதிரைச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள், லட்சக்கணக்கில் விலை பேசுவார்கள். குதிரை என்றாலே கொள்ளுத்தான். 'எங்கள் குதிரைக்குக் கொஞ்சம் சதை போட்டுவிட்டது, அதைக் கரைக்கத்தான் கொள்ளு வைக்கிறோம்' என்று எந்தக் குதிரைக்காரராவது சொல்லிக் கேட்டதுண்டா? அது கிடக்கட்டும், காங்கேயம் காளைக்கு வருவோம். கொள்ளு ஊறப்போட்டு வைத்து வளர்த்த காளை இளைத்து இடுப்பு ஒடிந்து நின்றதாக நம் பக்கத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா? திமிலும் கழுத்தும் திரண்டு, கட்டுத்தாரையே சின்னதாகத் தெரிகிற மாதிரியல்லவா நிற்கும்!

உடனே ஒருவர் எழுந்து 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழி சொல்வார். இந்தப் பக்கத்தில் கொள்ளு பற்றி எப்போது எழுதினாலும் அந்தக் கடிதம் வந்துவிடும். சரிங்க, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பழமொழியைச் சொன்ன பாட்டன் கோழி கூப்பிட எழுந்து மாட்டைப் பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்தார், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினார், அப்புறம்தான் வட்டல் முன்னால் உட்கார்ந்தார். உங்கள் வீட்டுக்காரர் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு சோபாவில் சாயப் போகிறார். காளைக்கும் அவருக்கும் தீனி ஒன்றாகிவிடும், வேலை ஒன்றாகுமா?

கொள்ளை நான் குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய. மத்தியானம் அதைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டவனுக்குச் சாயந்தரம் நாலு மணிக்கு வயிறு கூப்பாடு போடாது. கொள்ளு செய்கிற உபகாரம் அதுதான், அவரை பேக்கரிப் பக்கம் போகாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். கொங்கு நாட்டுத் தொப்பைக்கு மூலஸ்தானம் பேக்கரி என்று பல வருசமாக எழுதி வருகிறேன், பேக்கரிக்காரர்கள் விளம்பரம் தராமல் போனதுதான் மிச்சம். கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் போய்ப் பாருங்கள். பேர்தான் ரேஸ்கோர்ஸ், சுற்றுகிறதெல்லாம் மனிதர்கள். ஆர்.எஸ்.புரத்திலிருந்து காரில் வந்து, நிறுத்த இடம் தேடி ரெண்டு ரவுண்டு அடித்து (இதையும் வாட்ச் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமா தெரியவில்லை), இறங்கி வேகுவேகென்று நடந்து, நடந்த களைப்புக்கு ஒரு டீ, டீக்குத் துணையாக ஒரு தேங்காய் பன், பன் தித்திப்பாகப் போனதால் காரத்துக்கு ஒரு பப்ஸ். காலையில் வீட்டிலேயே படுத்திருந்தால் அந்தப் பப்ஸாவது மிச்சமாகியிருக்கும்.

சமையல் கேட்டீர்கள். கொள்ளுப் பருப்புக் கடைசலை விட எளிது என்ன இருக்கிறது? கொள்ளைக் கல் மண் போகப் புடைத்து, வாசம் வருகிற அளவுக்கு லேசாக வறுத்து, ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் குக்கரில் தாராளமாகத் தண்ணீர் விட்டு ஏழெட்டு விசில் விடுங்கள், கொள்ளு லேசில் மசியாது. வெந்த தண்ணீரை வடித்துத் தனியாக வையுங்கள், அதுதான் ரசத்துக்கு. அதைக் கொட்டுகிறவர்கள் வீட்டில் நான் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரக்கொத்தமல்லி, வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு தக்காளி, எல்லாவற்றையும் வதக்கிக் கொள்ளோடு சேர்த்து, உப்புப் போட்டு, சட்டியில் மத்தால் கடையுங்கள். வடித்த தண்ணீரில் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் ரசமும் ஆச்சு. ஒரே வேகலில் குழம்பு ஒன்று, ரசம் ஒன்று. சுடுசோற்றில் கடைசலைப் போட்டுப் பிள்ளைகளுக்கு நெய் விடுங்கள். அவருக்கு வேண்டாம்.

மத்தால் என்று சொன்னேன், மிக்சியில் என்று சொல்லவில்லை. போன தடவை இதை எழுதியபோது, 'வேலைக்குப் போகிற பெண்களுக்கு மத்துப் பிடிக்க நேரம் எங்கே?' என்று கோபமாகச் சிலர் எழுதினார்கள். நியாயமான கோபம். ஆனால் மத்தைப் பெண்கள்தான் பிடிக்க வேண்டும் என்று நான் எங்கே எழுதினேன்? உடம்பு குறைக்கப் போகிறேன் என்று வாட்ச் கேட்டு நிற்கிற ஒரு ஆள் வீட்டில் சும்மாதானே இருக்கிறார், அவர் கையில் கொடுங்கள். மிக்சியில் ஓட்டினால் அது வழவழவென்று பசை ஆகிவிடும், தோல் தெரியாது, பல்லுக்கு ஒன்றும் அகப்படாது. புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டர் ஊர்க்காரன் நான், அரைப்பதற்கு எதிரி இல்லை. கடைய வேண்டியதை அரைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வதக்குவதற்குக் கடலெண்ணெய் விடுங்கள். எண்ணெய் என்றதும் வயிறு எரிகிறது. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிற எண்ணெய் கப்பலேறி வந்து நம் வீட்டு வாணலிக்கு வருகிறது. விலை விழுகிற வருசங்களில் பொள்ளாச்சியில் தென்னை வைத்தவரும் இந்தப் பக்கம் கடலை போட்டவரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். ரேஷனில் தேங்காய் எண்ணெயையும் கடலெண்ணெயையும் போடுங்கள் என்று நம் விவசாயிகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். சமையல் குறிப்பில் அரசியல் எதற்கு என்று கடிதம் வரும். வரட்டும், எண்ணெய் இல்லாமல் சமையல் குறிப்பு எப்படி எழுதுவது?

அந்தப் பொடி டப்பா. வந்தால் திருப்பிப் பாருங்கள், எம்.ஆர்.பி. போட்ட இடத்திலேயே ஒரு கிராம் என்ன விலை என்று சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்துக்குக் கிராம் கணக்கிலும், அதற்கு மேல் கிலோ கணக்கிலும் விலையை அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். அதை ஆயிரத்தால் பெருக்கி, உங்கள் மளிகைக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளிப் போடுகிற கொள்ளின் கிலோ விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 'ஸ்லிம்' ஆகப் போவது எது என்று தெரிந்துவிடும், அவர் பர்ஸ். பாதி விலை ஆஃபரும் அந்த ரகம்தான். எம்.ஆர்.பி.யை அச்சடிக்கிறவன் தயாரிப்பாளன், அதற்குக் குறுக்கே கோடு போட்டுப் பாதி என்கிறவன் விற்கிறவன், கோட்டுக்கு மேலிருக்கிற விலைக்கு யாராவது வாங்கினார்களா என்று நமக்கு யார் சொல்லப் போகிறார்கள்? அதே வாட்ச் ரெண்டு மூன்று கடையில் இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், கோட்டைப் பார்க்க வேண்டாம்.

பத்தாயிரம் அடியும் ஒரு ஆஃபர்தான். 1965ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்கக் கிளம்பியபோது எடுத்துக்கொண்ட எண் அது. அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்து நடத்தி 2019ல் வெளிவந்த ஆய்வில், நாளைக்கு 2700 அடி நடந்தவர்களை விட 4400 அடி நடந்தவர்களுக்கே சாவு குறைவாக இருந்தது, 7500க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் அடிக் கணக்கே சொல்வதில்லை, வாரத்துக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பை அசையுங்கள் என்கிறது. அதற்குச் சுவர்க் கடிகாரம் போதும்.

உங்கள் ஊரிலிருந்து சென்னிமலை பக்கம்தான். மலைமேல் முருகனிடம் போக 1320 படி. ஞாயிற்றுக்கிழமை விடியக் கூட்டிக்கொண்டு போய்க் கீழே நிறுத்தி ஏறச் சொல்லுங்கள், முழங்கால் வலி, நெஞ்சு வலி என்று முன்பே எதாவது இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. படியில் தனியாக விடலாம். இறங்கி வரும்போது மட்டும் அடிவாரத்தில் நீங்கள் நின்றாக வேண்டும், அங்கேயும் பேக்கரி உண்டு.